வயிற்றுக்குள் ஒரு பஞ்சுத்துணி: தாய்மார் அறிந்திருக்க வேண்டியவை

சத்திரசிகிச்சை என்றதும் எவர் மனதிலும் ஓர் அச்சம் எழுவது இயல்பு. மயக்கம் தெளியுமா, இரத்தம் அதிகம் போய்விடுமா, காயம் விரைவில் ஆறுமா என்றெல்லாம் யோசிப்போம். ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்து, தையலும் ஆறி, குழந்தையோடு வீடு திரும்பிய பின்னரும் வயிற்றினுள் இரத்தம் ஒற்றிய ஒரு துணியோ, சிறு உபகரணமோ தங்கியிருக்கக்கூடும் என்று எம்மில் யாரும் நினைப்பதில்லை. அப்படி ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டாலும், "இப்படியும் நடக்குமா?" என்று வியந்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

நடக்கிறது. வறிய நாடுகளிலும் நடக்கிறது. எல்லா வசதிகளும் நிறைந்த செல்வந்த நாடுகளிலும் நடக்கிறது. இது அரிதான ஒன்றுதான். எனினும் நடந்துவிட்டால் அதன் துன்பத்தை மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடக்கணக்கில் சுமப்பவர் நோயாளியே. பெண்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் இன்று மூன்று பிரசவங்களில் ஒன்றுக்கும் அதிகமானது சிசேரியன் சத்திரசிகிச்சை மூலமே நிகழ்கிறது. கர்ப்பப்பையை அகற்றுதல், சூலகக் கட்டிகளை அகற்றுதல், கர்ப்பப்பை இறக்கத்துக்கான சிகிச்சை என்று ஒரு பெண் தன் வாழ்நாளில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் செல்லும் சந்தர்ப்பங்கள் பல.

பதினெட்டு மாத வேதனை

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் 2020ஆம் ஆண்டு இருபது வயதுகளில் இருந்த ஓர் இளம் தாய்க்குச் சிசேரியன் செய்யப்பட்டது. அது அவசர சத்திரசிகிச்சை அல்ல, முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. கூடத்தில் வைத்தியர்கள், தாதியர், மருத்துவ மாது எனப் பத்துப் பேருக்கும் மேல் இருந்தனர். வயிற்றில் இட்ட வெட்டை விரித்துப் பிடிப்பதற்காக, இரண்டு வளையங்களையும் அவற்றை இணைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையையும் கொண்ட ஒரு சாதனம் பயன்படுத்தப்பட்டது. அது ஓர் உணவுத் தட்டின் அளவானது. முதலில் வைத்தது சிறிதாக இருந்ததால் அதனை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரியதொன்றை வைத்தார்கள். தையல் போட்டபோது அந்தப் பெரியது உள்ளேயே தங்கிவிட்டது.

அத்தாய் பதினெட்டு மாதங்கள் வயிற்று வலியோடு வாழ்ந்தார். பல தடவைகள் வைத்தியரிடம் சென்றார். வலி தாங்க முடியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் சென்றார். அந்தச் சாதனம் எக்ஸ்ரே படத்தில் தெரியாத வகையைச் சேர்ந்தது. ஈற்றில் 2021இல் எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டது.

இவ்வளவு பெரிய பொருள் எப்படித் தவறியது? துணிகளும் ஊசிகளும் எண்ணப்பட்டன. ஆனால் எண்ண வேண்டிய பொருட்களின் பட்டியலில் இந்தச் சாதனம் இருக்கவில்லை. அதன் ஒரு பாதி எப்போதும் வெளியே இருக்கும் என்பதால் அது உள்ளே தங்கிவிடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அந்நாட்டின் சுகாதார ஆணையாளர் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையில், அத்தாய்க்கு உரிய தரத்தில் சேவை வழங்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தார்.

எமது அயலிலும் இதுபோன்ற ஒரு சம்பவம் பெரிதாகப் பேசப்பட்டது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 2017இல் மூன்றாவது சிசேரியன் செய்துகொண்ட ஒரு தாயின் வயிற்றிலிருந்து, இரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி ஒன்று 2022இல் அகற்றப்பட்டது. ஐந்து ஆண்டுகள் அவர் வலியோடு அலைந்தார். பின்னர் நீதி கேட்டு 2023இல் நூறு நாட்களுக்கும் மேலாக வைத்தியசாலை முன்றலில் அமர்ந்து போராட்டம் நடத்தினார்.

2018இல் ஒரு பிரபல மருத்துவ சஞ்சிகையில் ஜப்பானியப் பெண் ஒருவரின் கதை வெளியானது. 42 வயதான அவருக்கு மூன்று ஆண்டுகளாக வயிறு ஊதியது போன்ற உணர்வு இருந்து வந்தது. பரிசோதித்தபோது வயிற்றினுள் இரண்டு கட்டிகள் தென்பட்டன. சத்திரசிகிச்சை செய்து பார்த்தால் அவை கட்டிகள் அல்ல. தடித்த நார்த்தோல் மூடி வளர்ந்திருந்த இரண்டு பஞ்சுத்துணிகள். அவருக்கு அதற்கு ஆறு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு சிசேரியன்கள் நடந்திருந்தன.

ஏன் இப்படி நடக்கிறது?

"கவனயீனம்" என்ற ஒரு சொல்லால் இதற்கு விடை கூறிவிட முடியாது. உள்ளே தங்கிவிடும் பொருட்களில் பெரும்பாலானவை கத்தரிக்கோல்கள் அல்ல, துணிகளே. வெண்ணிறமாக இருக்கும் துணி இரத்தத்தில் ஊறியதும் சுருங்கி, பக்கத்திலுள்ள தசையின் நிறத்தையும் உருவத்தையும் பெற்றுவிடுகிறது. ஆழமான வயிற்றறையில், குடல் மடிப்புகளுக்கு நடுவே, இரத்தம் பெருகிக்கொண்டிருக்கும்போது அதனைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இத்தகைய 54 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, சத்திரசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டேயும் அவரது குழுவினரும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதன்படி தங்கிய பொருட்களில் 69 வீதமானவை துணிகள், எஞ்சியவை உபகரணங்கள். அவசரமாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் இந்த ஆபத்து ஒன்பது மடங்காகவும், சத்திரசிகிச்சையின் நடுவில் திட்டம் எதிர்பாராமல் மாறும்போது நான்கு மடங்காகவும் இருந்தது. உடற்பருமன் கூடியவர்களிடத்திலும் ஆபத்து அதிகம்.

பிரசவ விடுதிகளில் பணிபுரிவோருக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, நள்ளிரவில் தாயைத் தியேட்டருக்கு ஓட்டமாகக் கொண்டு செல்கிறார்கள், குழந்தையை எடுத்ததும் கர்ப்பப்பை சுருங்காமல் இரத்தம் பீறிடுகிறது, மேலும் துணிகளைக் கேட்கிறார்கள், நடுவே தாதியரின் கடமை நேரம் மாறுகிறது. தாயின் உயிரைக் காக்கும் அந்த அவசரமே தவறுக்கும் வழியமைத்துக் கொடுக்கிறது.

அதே ஆய்வு கூறிய இன்னொரு உண்மை மிக முக்கியமானது. எண்ணிக்கை எடுக்கப்பட்டிருந்த சம்பவங்களில் 88 வீதமானவற்றில், இறுதி எண்ணிக்கை "சரி" என்றே பதியப்பட்டிருந்தது. அதாவது எண்ணாமல் விட்டதால் மட்டும் தவறு நேரவில்லை; பிழையாக எண்ணிவிட்டுச் சரியென நம்பியதாலேயே பெரும்பாலும் நேர்ந்தது. இரண்டு துணிகள் ஒட்டியிருந்ததை ஒன்றாக எண்ணியிருக்கலாம். களைப்பில் ஒரு தொகை விடுபட்டிருக்கலாம்.

எண்ணும் முறை எப்படி?

சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு நடைமுறை உண்டு. வைத்தியருக்கு உபகரணங்களை எடுத்துக் கொடுக்கும் தாதியும், கூடத்தில் நடமாடிப் பணிபுரியும் மற்றொரு தாதியும் சேர்ந்து, ஒவ்வொரு துணியையும் ஊசியையும் உபகரணத்தையும் வாய்விட்டு எண்ண வேண்டும். துணிகள் ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோ கட்டப்பட்டு வரும். எண்ணிக்கை சுவரிலுள்ள பலகையில் எழுதப்படும். வெட்டு இடுவதற்கு முன்னர் ஒரு தடவை, கர்ப்பப்பை போன்ற உள்ளுறுப்பை மூடுவதற்கு முன்னர் ஒரு தடவை, வயிற்றறையை மூடுவதற்கு முன்னர் ஒரு தடவை, தோலைத் தைக்கும்போது ஒரு தடவை என எண்ணிக்கை திரும்பத் திரும்ப எடுக்கப்படும்.

ஒரு துணி குறைந்தால் தையல் நிறுத்தப்பட வேண்டும். வயிற்றறை, குப்பைக் கூடை, நிலம், விரிப்புகளின் மடிப்பு என எல்லா இடமும் தேடப்பட வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் மேசையில் வைத்தே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதற்காகவே தியேட்டர் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு நூல் அல்லது பட்டி சேர்த்து நெய்யப்படுகிறது. காயத்துக்கு மேலே கட்டும் சாதாரண கோஸ் துணியை வயிற்றினுள் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புக்கான 19 அம்சங்களைக் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை அறிமுகப்படுத்தியது. நோயாளியைக் கூடத்திலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்னர் துணி, ஊசி, உபகரண எண்ணிக்கை சரியென்பதைத் தாதி எல்லோரும் கேட்க உரத்துக் கூற வேண்டும் என்பதும் அதிலொன்று. புதுடில்லி, மணிலா, இலண்டன் உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இப்பட்டியல் பரீட்சிக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவுகளின்படி, சத்திரசிகிச்சையின் பின்னரான மரணங்கள் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்தன. ஒரு தாளும் சில நிமிடங்களும்தான் செலவு.

எனினும் பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. "ஒரு துணி குறைகிறது, டொக்டர்" என்று கூறும் துணிவு இளம் தாதிக்கு வேண்டும். அதைக் கேட்டு எரிந்து விழாமல் கையை நிறுத்தும் பண்பு மூத்த வைத்தியருக்கு வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கூடத்தில் பட்டியல் வெறும் கடதாசிதான்.

சாதாரண பிரசவத்திலும்...

இது சிசேரியன் செய்தவர்களுக்கு மட்டுமான விடயம் என்று எண்ணிவிடாதீர்கள். சாதாரண பிரசவத்தில் பிறப்பு வழியில் கிழிவு ஏற்பட்டு, அல்லது வெட்டு இடப்பட்டுத் தையல் போடும்போது, மேலிருந்து வரும் இரத்தத்தைத் தடுப்பதற்காக ஒரு துணியை உள்ளே வைப்பதுண்டு. தையல் முடிந்ததும் அதனை எடுக்க மறந்துவிட்டால் அது அங்கேயே இருந்துவிடும். 2019இல் இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு, பிரசவத்தின் பின் பிறப்பு வழியில் தங்கிவிடும் துணிகளைப் பற்றித் தனியான விசாரணை அறிக்கையொன்றையே வெளியிட்டது. தியேட்டரில் எண்ணும் பழக்கம் பிரசவ அறையிலும் அதே கண்டிப்போடு பின்பற்றப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறவேண்டிய பாடம்.

இதனால் துன்புறும் தாய்மாருக்குச் சில நாட்களிலேயே தாங்க முடியாத துர்நாற்றத்துடன் கழிவு வெளியேறும். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வரலாம். வெட்கத்தினால் இதனைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் மறைக்கும் சகோதரிகள் பலர். வீட்டிலுள்ள பெரியவர்களும் "பிள்ளை பெற்ற உடம்பென்றால் அப்படித்தான்" என்று சமாதானம் கூறிவிடுவார்கள். பிரசவத்தின் பின்னரான உதிரப்போக்குக்கு இயல்பான ஒரு மணம் உண்டு. ஆனால் அழுகிய துர்நாற்றம் ஒருபோதும் இயல்பானதல்ல.

எப்படி அறிந்துகொள்வது?

உள்ளே தங்கிய துணிக்கு உடல் இரண்டு விதமாக எதிர்ப்புக் காட்டுகிறது. முதலாவது வகையில் கிருமித் தொற்று ஏற்பட்டுச் சீழ் பிடிக்கிறது. இது சில நாட்களில் அல்லது வாரங்களில் காய்ச்சல், வலி, காயத்திலிருந்து ஓயாமல் நீர் அல்லது சீழ் வடிதல் என்று வெளிப்படும். இரண்டாவது வகையில், உடல் அத்துணியைச் சுற்றி நார்ச்சுவர் ஒன்றை எழுப்பி அடைத்துவிடுகிறது. இது பல ஆண்டுகள் மௌனமாகக் கிடந்து, பின்னர் ஒரு கட்டியாகத் தடவுப்படும். அல்லது குடலை அழுத்தி அடைப்பை உண்டாக்கும். ஸ்கேனில் இதனைப் புற்றுநோய்க் கட்டி எனத் தவறாகக் கருதிய சந்தர்ப்பங்களும் உண்டு.

சத்திரசிகிச்சைக்கு அல்லது பிரசவத்துக்குப் பின்னர் பின்வருவன இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரை நாடுங்கள்:

* நாட்கள் செல்லச் செல்லக் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகும் வயிற்று வலி
* விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நடுக்கம்
* ஆறி மீண்டும் திறக்கும் காயம், அல்லது ஓயாமல் சீழ் வடியும் துவாரம்
* துர்நாற்றமுள்ள வெளியேற்றம்
* வயிறு ஊதுதல், தொடர்ச்சியான வாந்தி, மலமும் வாயுவும் வெளியேறாதிருத்தல்
* வயிற்றில் புதிதாகத் தடவுப்படும் கட்டி

இவற்றில் பெரும்பாலானவைக்கு வேறு சாதாரண காரணங்களே இருக்கும். ஆகவே பதற்றப்படத் தேவையில்லை. ஆனால் வைத்தியரிடம் வலியைச் சொல்வதோடு நின்றுவிடாமல், "எனக்கு இன்ன ஆண்டில், இன்ன சத்திரசிகிச்சை நடந்தது" என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததாயினும் சொல்லுங்கள். ஒரு மருந்துக்கும் குறையாத வலிக்கு மீண்டும் மீண்டும் அதே மாத்திரை தரப்பட்டால், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்றாகிவிடாது என்பதை ஒக்லாந்துத் தாயின் அனுபவம் காட்டுகிறது.

வேண்டுமென்றே வைக்கப்படுபவை

இங்கு ஒரு வேறுபாட்டையும் விளங்கிக்கொள்ள வேண்டும். உடலினுள் இருக்கும் எல்லாப் பொருளும் தவறுதலாக விடப்பட்டவை அல்ல. எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு, குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை, பித்தப்பை சத்திரசிகிச்சையில் போடும் சிறு கிளிப் என்பன சிகிச்சையின் பகுதியாகும். கட்டுப்படாத இரத்தப்போக்கின்போது உயிரைக் காப்பதற்காகத் துணிகளை வயிற்றினுள் அடைத்து வைத்து, ஓரிரு நாட்களில் மீண்டும் திறந்து எடுப்பதும் உண்டு.

ஆனால் தற்காலிகமாக வைத்ததை எடுக்க மறந்தால் அதுவும் ஆபத்தே. சிறுநீரகக் கல்லுக்காக வைக்கப்படும் ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாய் இதற்கு நல்ல உதாரணம். வலி நீங்கியதும் பலர் கிளினிக் செல்வதை நிறுத்திவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அக்குழாய் உள்ளே கிடந்தால் அதன் மேலேயே கல் படிந்து, சிறுநீரகத்தையே பாதிக்கலாம். ஆகவே, "எனக்குள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அதனை எப்போது, எங்கே எடுக்க வேண்டும்?" என்ற கேள்வியைக் கேட்டு, திகதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

மயக்கத்தில் இருக்கும் நோயாளி துணிகளை எண்ண முடியாது. அது முழுக்க முழுக்க வைத்தியசாலையின் பொறுப்பு. எனினும் எமது கையில் உள்ள சில விடயங்களும் உண்டு.

1. வீடு செல்லும்போது தரப்படும் டயக்னோசிஸ் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுக்கும் மதிப்பை அதற்கும் கொடுங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே அறிக்கைகளையும் அதனோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

2. தையல் முடிந்த பின் "உள்ளே துணி ஏதும் வைத்திருக்கிறீர்களா?" என்று தாதியிடம் கேளுங்கள். வைத்திருப்பதாகக் கூறினால், அது எடுக்கப்படும் வரை நினைவூட்டுங்கள்.

3. பிரசவத்தின் பின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் குழந்தையின் நிறையைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். உங்கள் வலி, காய்ச்சல், வெளியேற்றம் பற்றியும் வெட்கப்படாமல் கூறுங்கள்.

4. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கணவர்மாரும் தாய்மாரும் மாமிமாரும் அவளது முறைப்பாட்டைச் சோம்பலாகவோ பொறுமையின்மையாகவோ கருதாதீர்கள். மேலே கூறிய பெண்கள் அத்தனை பேரின் வலியும் உண்மையானதாகவே இருந்தது.

தவறு நடந்துவிட்டால்

அப்படி ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் முதலில் செய்ய வேண்டியது உரிய சிகிச்சை. ஆத்திரத்தில் வைத்தியசாலையில் சண்டையிடுவது நோயாளிக்கு உதவாது. அகற்றப்பட்ட பொருள் என்ன என்பதை எழுத்தில் பதியுமாறு கேளுங்கள். அறிக்கைகளின் பிரதிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையிடமிருந்து தகவல்களைக் கோருவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி செய்துள்ளது.

முறைப்பாட்டை வைத்தியசாலைப் பணிப்பாளரிடமோ வைத்திய அத்தியட்சகரிடமோ எழுத்தில் கையளிக்கலாம். வைத்தியரின் தொழில்முறை நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபைக்கு முறையிடலாம். நட்டஈட்டு வழக்கு என்றால் காலம் முக்கியம்: எமது காலவிதிப்புச் சட்டத்தின்படி, இத்தகைய வழக்குகளை வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஆண்டுகள் பல கழித்துத் துணி கண்டுபிடிக்கப்பட்டால் இது சிக்கலான கேள்வியாகலாம். ஆகவே விடயம் தெரியவந்த உடனேயே ஒரு சட்டத்தரணியை நாடுவது நல்லது. வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்துக்குச் செல்லலாம்.

தண்டிப்பதை மட்டும் நோக்கமாகக் கொண்டால் தவறுகள் மறைக்கப்படும். மறைக்கப்படும் தவறிலிருந்து எவரும் பாடம் கற்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2005 முதல் 2012 வரை இத்தகைய 772 சம்பவங்கள் ஒரு தர நிர்ணய அமைப்புக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றில் 16 பேர் மரணித்திருந்தனர். அவற்றை ஒளிக்காமல் அறிவித்ததாலேயே எங்கே தவறுகிறோம் என்பதை அவர்களால் ஆராய முடிந்தது. இங்கிலாந்து 2009இல் இதனை "ஒருபோதும் நடக்கக் கூடாத சம்பவங்கள்" பட்டியலில் சேர்த்தது. நடந்ததை ஒப்புக்கொண்டு, தாயிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த தாய்க்கு அது நேராமல் தடுக்கும் வைத்தியசாலையே மக்களின் நம்பிக்கைக்கு உரியது.

இறுதியாக ஒன்று. இதனை வாசித்துவிட்டு எவரும் தேவையான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மேற்குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 9,000 முதல் 19,000 வரையான சத்திரசிகிச்சைகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே இது நிகழ்கிறது. சிசேரியன் காப்பாற்றிய தாய்மாரும் சேய்களும் எண்ணிலடங்காதவர்கள். பயந்து ஒதுங்குவதும் வேண்டாம். வாய்மூடிச் சகிப்பதும் வேண்டாம். உங்கள் உடல் சொல்வதை முதலில் நீங்கள் நம்புங்கள். பின்னர் கேட்க வேண்டியவர்கள் கேட்கும் வரை அதனை எடுத்துச் சொல்லுங்கள்.